வலப்பக்கம் இழுத்த சைக்கிள்

என் பேத்திக்குப் பதினான்கு வயது. மகனும் மருமகளும் திருப்பூரில் பனியன் தொழிற்சாலையில் வேலை பார்ப்பதால், சென்ற ஆண்டு ஜூன் மாதம் அவளை ஒன்பதாம் வகுப்பில் சேர்ப்பதற்காக என்னிடம் கொண்டு வந்து விட்டார்கள். எங்கள் சிற்றூர், புதுக்கோட்டையிலிருந்து தஞ்சாவூர் செல்லும் நெடுஞ்சாலையை ஒட்டி, ஆதனக்கோட்டைப் பக்கத்து முந்திரித் தோப்புகளுக்கு நடுவே இருக்கிறது. பள்ளிக்கூடம் நான்கு கிலோமீட்டர் தொலைவு. காலையில் பேருந்து உண்டு. மாலையில் பள்ளி விடும் நேரத்துக்கும் பேருந்து வரும் நேரத்துக்கும் பொருத்தம் கிடையாது. அரசு வழங்கும் விலையில்லா மிதிவண்டியோ பதினோராம் வகுப்பில்தான் கைக்கு வரும். ஆகவே, திண்ணை மூலையில் ஆறு ஆண்டுகளாகச் சாக்குப் போர்த்திக் கிடந்த என் மனைவியின் சைக்கிளை வெளியே எடுத்தேன்.

அந்தச் சைக்கிளைப் பற்றி இரண்டு வார்த்தை சொல்ல வேண்டும். 1991, 1992ஆம் ஆண்டுகளில் புதுக்கோட்டை மாவட்டத்தில் அறிவொளி இயக்கம் நடைபெற்றதை மூத்த வாசகர்கள் மறந்திருக்க மாட்டார்கள். அப்போது மாவட்ட ஆட்சியராக இருந்த ஷீலா ராணி சுங்கத் அவர்கள், எழுத்தறிவோடு சைக்கிள் ஓட்டுவதையும் பெண்களுக்குக் கற்றுத் தர ஏற்பாடு செய்தார். கல் உடைக்கும் பெண்களும், வயல் வேலைக்குப் போகிறவர்களும், ஆசிரியைகளும், அங்கன்வாடிப் பணியாளர்களும் மாலை வேளைகளில் திடல்களில் விழுந்து எழுந்து பழகினார்கள். பெண்கள் சைக்கிள் போதாமற்போகவே, ஆண்கள் சைக்கிளிலேயே பலர் ஏறினார்கள். முப்பத்து நான்கு வயதில் என் மனைவியும் அந்தக் கூட்டத்தில் சேர்ந்தாள். "இந்த வயதில் உனக்கு இதெல்லாம் எதற்கு?" என்று கேட்டவன் நான். அவள் பதில் சொல்லவில்லை. இரண்டு முழங்காலிலும் மஞ்சள் பற்றுப் போட்டுக்கொண்டு, பத்தே நாளில் கற்றுக்கொண்டாள். அடுத்த ஆண்டு சிறுகச் சிறுகச் சேர்த்த பணத்தில் இந்த இருபத்தாறு அங்குலச் சைக்கிளை வாங்கினாள். கம்பி பிரேக், செயின் மூடி, பின்னால் கேரியர். இருபத்தைந்து ஆண்டுகள் அதிலேதான் கடைக்கும், ரேஷனுக்கும், ஞாயிற்றுக்கிழமைப் பூசைக்கும் போய் வந்தாள்.

நான் உயர்நிலைப் பள்ளியில் முப்பத்தொரு ஆண்டுகள் அறிவியல் கற்பித்து ஓய்வு பெற்றவன். சைக்கிளை ஓவராயில் செய்யக் கடைக்குக் கொடுப்பது எனக்குக் கௌரவக் குறைவாகத் தோன்றியது. எல்லாவற்றையும் கழற்றி, குண்டுகளை மண்ணெண்ணெயில் கழுவி, புதுக் கிரீஸ் வைத்தேன். டியூபும் டயரும் புதிதாக வாங்கினேன். அத்தோடு நின்றிருக்கலாம். ஆனால் பேத்திக்கு நீல நிறம் பிடிக்கும் என்று தெரிந்தபடியால், துருவை உப்புத்தாளால் தேய்த்துவிட்டு, வேப்ப மரக் கிளையில் கயிறு கட்டிச் சட்டத்தைத் தொங்கவிட்டு, எனாமல் பெயிண்டை மூன்று பூச்சு அடித்தேன். பத்து நாள் காய்ந்த பிறகு சக்கரங்களை மாட்டினேன். பார்த்தவர்கள் புதுச் சைக்கிள் என்றே நினைத்தார்கள்.

முன்சக்கரத்தை மாட்டும்போது பிரேக் கட்டைகளில் ஒன்று ரிம்மை உரசியது. கம்பி பிரேக்கில் இரண்டு கட்டைகளும் ஒரு குதிரை லாடம் போன்ற வளைந்த கம்பியின் இரு முனைகளிலும் இருக்கும். அந்தக் கம்பியைக் குறட்டால் ஒரு பக்கம் சற்றே வளைத்தேன். உரசல் நின்றது. வேலை முடிந்தது என்று கையைக் கழுவிக்கொண்டேன். ஓட்டிப் பார்த்திருக்க வேண்டும். எழுபத்தொரு வயதில் பெண்கள் சைக்கிளில் ஏறித் தெருவில் போக எனக்கு வெட்கமாக இருந்தது. ஆண்கள் சைக்கிளில் பெண்கள் கூசாமல் ஏறிய மாவட்டத்தில்தான் இதைச் சொல்கிறேன்.

முதல் நாள் பள்ளியிலிருந்து திரும்பிய பேத்தி, "தாத்தா, சைக்கிள் வலது பக்கமாக இழுக்கிறது" என்றாள்.

நான் செய்தித்தாளிலிருந்து தலையை எடுக்காமலே, "நீ நேராக உட்கார், அம்மா. நேராக உட்கார்ந்தால் அதுவும் நேராகப் போகும்" என்றேன்.

மறுநாளும் சொன்னாள். புத்தகப் பை ஒரு தோளில் தொங்குவதுதான் காரணம் என்று விளக்கி, பையைக் கேரியரில் கட்டிக் கொடுத்தேன். மூன்றாம் நாள் அவள் ஒன்றும் சொல்லவில்லை. சரியாகிவிட்டது என்று எண்ணிக்கொண்டேன்.

அதற்கு அடுத்த வாரம், வியாழக்கிழமை மாலை, முந்திரிக்கொட்டை வறுத்து விற்கும் ஒரு பெண்மணி எங்கள் வீட்டு வாசலுக்கு வந்தார். "வாத்தியாரையா, பிள்ளைக்குக் காயம் ஆறிவிட்டதா?" என்று கேட்டார். எனக்கு ஒன்றும் விளங்கவில்லை. முன்தினம் பின்னாலிருந்து பேருந்து ஒலி எழுப்பியிருக்கிறது. பேத்தி இடப்பக்கம் ஒதுங்க முயன்றிருக்கிறாள். சைக்கிளோ சாலையின் நடுவை நோக்கி இழுத்திருக்கிறது. பலங்கொண்ட மட்டும் அதைத் திருப்பியதில், சாலையோரச் சரளையில் சாய்ந்து விழுந்திருக்கிறாள். அந்த அம்மாதான் தூக்கிவிட்டு, முழங்காலைக் கழுவி அனுப்பியிருக்கிறார். "பஸ்சுக்கும் பிள்ளைக்கும் நடுவே ஒரு முழந்தான் இருந்தது" என்று அவர் சொன்னபோது என் வாய் உலர்ந்து போயிற்று.

உள்ளே போய்ப் பேத்தியிடம் ஏன் சொல்லவில்லை என்று கேட்டேன். "எனக்குத்தான் சரியாக உட்காரத் தெரியவில்லை, தாத்தா. பழகிக்கொள்கிறேன்" என்றாள். கையை நீட்டச் சொன்னேன். இடது உள்ளங்கையில், ஹேண்டில்பாரை இழுத்துப் பிடித்துப் பிடித்து, இரண்டு கொப்புளங்கள் காய்த்திருந்தன.

அன்று இரவே விளக்கைப் போட்டுச் சைக்கிளை முற்றத்துக்குக் கொண்டு வந்தேன். மறுநாள் விடியற்காலையில், யாரும் எழுமுன் பள்ளிக்கூடத் திடலுக்கு உருட்டிப் போய் நானே ஏறி ஓட்டினேன். சாலையில் ஓட்டிப் பார்ப்பது பயன்படாது. நம் சாலைகள் மழைநீர் வடிவதற்காக நடுவில் உயர்ந்து ஓரங்களில் சரிந்திருக்கும். இடது ஓரத்தில் போகும் சைக்கிள் தானாகவே சற்று இடப்பக்கந்தான் இறங்கும். அந்தச் சரிவையும் மீறி இது வலப்பக்கம் இழுத்திருக்கிறது என்றால் குறை சிறியதன்று. சமதளத் திடலில் கையைத் தளர்த்திய மாத்திரத்தில் அது தெளிவாகவே வலப்பக்கம் திரும்பியது. நேராகப் போக வேண்டுமானால் நான் இடப்பக்கம் உடம்பைச் சாய்க்க வேண்டியிருந்தது. குழந்தை பத்து நாளாக அப்படித்தான் ஓட்டியிருக்கிறாள்.

சைக்கிள் ஏன் நேராகப் போகிறது என்று மாணவர்களுக்குப் பல ஆண்டுகள் பாடம் நடத்தியவன் நான். சுழலும் சக்கரம் பம்பரம் போன்றது, அதனால் சாயாது என்பதே என் விளக்கம். அது முழு உண்மையன்று என்பது ஓய்வு பெற்ற பிறகே எனக்குத் தெரிய வந்தது. 1970ஆம் ஆண்டிலேயே டேவிட் ஜோன்ஸ் என்ற ஆங்கில விஞ்ஞானி, முன்சக்கரத்தை ஒட்டி எதிர்த்திசையில் சுழலும் இன்னொரு சக்கரத்தைப் பொருத்திப் பம்பர விளைவை அழித்துவிட்டு, அந்தச் சைக்கிளையும் ஓட்டிக் காட்டியிருக்கிறார். ஹேண்டில் தண்டின் சாய்வைக் கோடாகக் கீழே நீட்டினால், சக்கரம் தரையைத் தொடும் இடத்துக்குச் சற்று முன்னாலேயே அக்கோடு தரையைத் தொடும். சைக்கிள் வலப்பக்கம் சாய்ந்தால் முன்சக்கரமும் தானாக வலப்பக்கம் திரும்பி, சாய்கிறவரைத் தாங்கிப் பிடிப்பதற்கு இந்த அமைப்பு பெரிதும் உதவுகிறது. ஆனால் 2011ஆம் ஆண்டில் அமெரிக்க, டச்சு ஆராய்ச்சியாளர்கள் சிலர், இந்த இரண்டு விளைவுகளும் இல்லாமலே தானாக நிமிர்ந்து ஓடும் ஒரு சிறு வண்டியைச் செய்து காட்டிவிட்டார்கள். எடை எங்கே அமைந்திருக்கிறது என்பதும் கணக்கில் வருகிறதாம். நான் முப்பத்தொரு ஆண்டுகள் ஐயமின்றிச் சொன்ன விடை அரைகுறையானது. எந்த மாணவனும் மறுத்துக் கேட்கவில்லை. கேட்டிருந்தால் நேராக உட்காரச் சொல்லியிருப்பேன்.

இதில் எனக்கு வேண்டியது ஒன்றே. சாய்ந்த பக்கம் திரும்புவது சைக்கிளின் இயல்பு. ஆகவே, சட்டம் நிமிர்ந்திருந்தும் முன்சக்கரம் மட்டும் ஒரு பக்கம் சாய்ந்து பொருந்தியிருந்தால், ஓயாமல் அந்தப் பக்கமே திரும்பப் பார்க்கும். ஆனால் இது ஒன்றுதான் காரணம் என்று தொடங்கினால் மீண்டும் பழைய வாத்தியாராகிவிடுவேன் என்று அஞ்சி, பின்னாலிருந்து சோதித்துக்கொண்டு வந்தேன்.

முதலில் பின்சக்கரம். செயினை இழுத்து முறுக்கும்போது ஒரு பக்க நட்டை முந்தி முடுக்கினால் சக்கரம் கோணலாக நின்றுவிடும். டயருக்கும் இரு பக்கத்துக் குழாய்களுக்கும் உள்ள இடைவெளியை அளவுகோலால் பார்த்தேன், சமமாகவே இருந்தது. அடுத்து, சட்டமே முறுகியிருக்கிறதா என்று பார்க்க ஒரு நூல் போதும். பின்சக்கர அச்சின் வலது முனையில் நூலைக் கட்டி, முன்னால் ஹேண்டில் தண்டுக் குழாயைச் சுற்றி, இடது முனைக்குக் கொண்டு வந்து விறைப்பாகக் கட்ட வேண்டும். இருக்கையின் கீழ்க் குழாய்க்கும் நூலுக்கும் உள்ள தூரம் இரு பக்கமும் ஒன்றாக இருந்தால் சட்டம் நேர். அதுவும் ஒன்றாகவே இருந்தது. மனைவி அந்தச் சைக்கிளை ஒருநாளும் கீழே போட்டதில்லை.

பிறகு ஹேண்டில் கப்பு. அதை அளவுக்கு மேல் முடுக்கிவிட்டால், திரும்பிய சக்கரம் தானாக நேருக்கு வராது. ஓட்டுகிறவருக்கு இழுப்பது போலவே தோன்றும். முன்பக்கத்தைத் தூக்கிச் சட்டத்தை இப்படியும் அப்படியும் சாய்த்தேன். சக்கரம் இரு பக்கமும் தளர்வாகவே விழுந்தது. டயரும் ரிம்மில் ஒழுங்காக அமர்ந்திருந்தது.

கடைசியில் முன்சக்கரத்துக்கு வந்தேன். ரிம்மின் மேற்பகுதிக்கும் போர்க்கின் கால்களுக்கும் நடுவே அளவுகோலை வைத்தேன். இடப்பக்கம் 19 மில்லிமீட்டர். வலப்பக்கம் 9 மில்லிமீட்டர்! கண்ணுக்கே தெரியும் வேறுபாடு அது. பத்து நாளாக என் கண்ணில் படவில்லை. நீலப் பெயிண்டின் பளபளப்பைத்தான் பார்த்துக்கொண்டிருந்தேன்.

குறை சக்கரத்திலா, போர்க்கிலா? இதற்கு ஓர் எளிய வழி உண்டு. வீட்டில் சைக்கிள் வைத்திருப்போர் தெரிந்து வைத்துக்கொள்வது நல்லது. சக்கரத்தைக் கழற்றி, இடம் வலமாகத் திருப்பி மாட்ட வேண்டும். குறுகிய இடைவெளி மறுபக்கம் மாறினால் சக்கரத்தில் பெண்டு. கம்பிகளைத் திருகி நடுவுக்குக் கொண்டு வர வேண்டும். மாறாமல் அதே பக்கம் நின்றால், குறை போர்க்கில். நான் திருப்பி மாட்டினேன். குறுகிய பக்கம் வலப்பக்கமாகவே நின்றது.

போர்க் வளைந்துவிட்டது என்று முடிவு செய்தேன். அந்தப் பழைய மாதிரிக்குப் போர்க் கிடைக்குமா என்ற கவலையோடு, சைக்கிளை ஏற்றிக்கொண்டு பெரிய ஊரிலுள்ள பழைய சைக்கிள் கடைக்குப் போனேன். கடைக்காரர் என்னைவிடச் சில ஆண்டுகள் இளையவர். நான் அளவுகளையும் சோதனைகளையும் வரிசையாகச் சொல்லிக்கொண்டிருந்தேன். அவர் அதைக் கேட்டாரா என்பதே தெரியவில்லை. குனிந்து பார்த்துவிட்டு, "பிரேக் கம்பியை யார் சார் வளைத்தது?" என்றார்.

"நான்தான். கட்டை உரசியது."

"கட்டை சரியாகத்தான் இருந்திருக்கிறது. சக்கரம் கோணலாக உட்கார்ந்திருக்கிறது என்று அது சொல்லியிருக்கிறது. நீங்கள் அதன் வாயை அடைத்துவிட்டீர்கள்." சிரித்துக்கொண்டேதான் சொன்னார். பிறகு, "பெயிண்டும் நீங்கள்தானா?" என்றார்.

சக்கரத்தைக் கழற்றினார். போர்க்கின் இரு முனைகளிலும் அச்சு அமர்கிற பள்ளங்கள் உண்டு. இடப்பக்கப் பள்ளத்தில் விரலை விட்டுப் பார்த்தார், பிறகு வலப்பக்கம். ஒடிந்த ஆக்சா பிளேடு ஒன்றை எடுத்து, வலப்பக்கப் பள்ளத்தின் அடியில் நான்கு முறை சுரண்டினார். பழைய துருவோடு ஒட்டிக்கொண்டு, கல்லாக இறுகிப்போன நீலப் பெயிண்டுக் கட்டி ஒன்று என் உள்ளங்கையில் விழுந்தது. ஒரு பச்சரிசி அளவுதான் இருக்கும். வேப்ப மரத்தில் சட்டம் வலப்பக்கம் சற்றுச் சாய்ந்து தொங்கியிருக்கிறது; வழிந்த பெயிண்டு மூன்று பூச்சும் அந்தப் பள்ளத்தில் தேங்கியிருக்கிறது. அச்சின் வலது முனை அதன்மேல் முட்டிக்கொண்டு முழுவதும் உள்ளே போகாமல் நின்றுவிட்டது.

அதன் பருமன் ஒன்றரை மில்லிமீட்டருக்கு மேல் இராது. இவ்வளவு சிறியது அவ்வளவு தூரம் இழுக்குமா என்று எனக்கு ஐயம். வீட்டுக்கு வந்து கணக்குப் போட்டேன். போர்க்கின் இரு கால்களுக்கும் இடையே கீழே ஏறத்தாழ 90 மில்லிமீட்டர். அச்சிலிருந்து ரிம்மின் மேற்பகுதி வரை 300 மில்லிமீட்டர். கீழே ஒன்றரை என்றால் மேலே ஐந்து. ஒரு பக்கம் ஐந்து குறைந்து மறுபக்கம் ஐந்து கூடினால், 19க்கும் 9க்கும் உள்ள வேறுபாடு வந்துவிட்டது. சக்கரத்தைத் திருப்பி மாட்டியபோது குறை அதே பக்கம் நின்றதன் பொருளும் அப்போதுதான் விளங்கிற்று. போர்க்கில் குறை என்று சோதனை சரியாகத்தான் சொன்னது. அது வளைந்துவிட்டது என்று சொன்னவன் நான்.

கடைக்காரர் சக்கரத்தை மாட்டி, அச்சின் இரு முனைகளும் பள்ளத்தின் அடியைத் தொடுகின்றனவா என்று பார்த்து, இரண்டு நட்டுகளையும் மாற்றி மாற்றிச் சிறிது சிறிதாக முடுக்கினார். நான் வளைத்த பிரேக் கம்பியைப் பழையபடி நிமிர்த்தினார். முப்பது ரூபாய் வாங்கிக்கொண்டார். அதுவும் பிரேக் கம்பிக்குத்தானாம். சுரண்டியதற்குக் கூலி இல்லை என்றார்.

மாலையில் பேத்தி வந்ததும் அந்தப் பெயிண்டுத் துணுக்கை அவள் கையில் வைத்தேன். நடந்தது முழுவதையும் சொன்னேன். "உன் மேல் தவறில்லை. நான் மாட்டியதுதான் தவறு. நீ இரண்டு முறை சொன்னாய்; நான் கேட்கவில்லை" என்றேன். இந்தச் சொற்களை எந்தப் பிள்ளையிடமும் முன்பு சொன்னதாக எனக்கு நினைவில்லை. என் மகனிடமும் சொன்னதில்லை.

அவள் துணுக்கைத் திருப்பித் திருப்பிப் பார்த்தாள். சற்று நேரம் கழித்து, "அப்படியானால் நான் நேராகத்தான் உட்கார்ந்திருந்தேனா, தாத்தா?" என்று கேட்டாள்.

"ஆம், அம்மா."

திங்கட்கிழமை பள்ளிக்குப் போய்த் திரும்பியவள் வாசலில் இறங்கி, தயங்கித் தயங்கி, "தாத்தா, கோபித்துக்கொள்ளாதீர்கள். இப்போது இடப்பக்கம் இழுப்பது போல இருக்கிறது" என்றாள். என் நாக்கின் நுனி வரை ஒரு வாக்கியம் வந்தது. அதை விழுங்கிவிட்டு, அளவுகோலை எடுத்துக்கொண்டு வாசலுக்குப் போனேன். இருவருமாக முற்றத்தில் உட்கார்ந்து அளந்தோம். இடப்பக்கம் 14; வலப்பக்கம் 14. பின்சக்கரத்தையும் பார்த்தோம். நூலையும் கட்டிப் பார்த்தோம். இம்முறை நூலின் மறுமுனையை அவள் பிடித்தாள். எல்லாம் நேர்.

பத்து நாளாக இடப்பக்கம் சாய்ந்து ஓட்டிய உடம்பு, வண்டி நேரான பிறகும் பழக்கத்தை விடாமல் சாய்ந்துகொண்டிருக்கிறது என்று ஊகித்தேன். ஊகந்தான் என்பதையும் சேர்த்தே அவளிடம் சொன்னேன். இரண்டு நாள் பார்ப்போம். அப்போதும் இழுத்தால் மறுபடி கடைக்குப் போவோம் என்று பேசிக்கொண்டோம். அந்த இரண்டு நாளும் நான் பின்னாலேயே, கேரியரில் உட்கார முடியாதாகையால், மெதுவாக நடந்து நெடுஞ்சாலை முனை வரை போனேன்.

புதன்கிழமை மாலை அவள் சைக்கிளை நிறுத்திவிட்டு, நேரே கிணற்றடிக்குப் போய்க் கைகால் கழுவிக்கொண்டு, பசிக்கிறது என்றாள். நான் பொறுத்துப் பார்த்துவிட்டு, "சைக்கிள் எப்படி?" என்று கேட்டேன்.

"எந்தச் சைக்கிள்?" என்றாள், பிறகு நினைவு வந்தவளாய், "ஓ, அதுவா? நன்றாகத்தான் போகிறது" என்று சொல்லிக்கொண்டே அடுப்படிக்குள் நுழைந்தாள்.